விரல் ஆட்டினால் ஊதுவேன்

என் முதல் ட்ரம்பெட்டில் மூன்று பட்டன். அழுத்தினால் இரண்டுதான் தானாக மேலே வரும். மூன்றாவதை ரப்பர் பேண்டு போட்டு இழுத்துக் கட்டியிருந்தேன். சித்தூரில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் அது அறுந்து, மாப்பிள்ளையின் மூக்கில் சுரீரென்று அடித்தது. அவர் பெண்வீட்டாரை முறைத்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

அன்றைக்கு என் அப்பா, நைனா, ஒரு முடிவுக்கு வந்தார். பால் ஊற்றப் போகும் மொபெட்டை விற்றுவிட்டு, சென்னையில் எனக்கு நல்ல ட்ரம்பெட்டாக வாங்கிக் கொடுத்தார். "என் வண்டியத்தான் நீ ஊதிக்கினு இருக்க. நெனப்பு இருக்கட்டும்" என்றார். மறுநாளிலிருந்து சைக்கிளில் கேனை மாட்டிக்கொண்டு, மேடு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. மாதச் சம்பளத்தில் ஒரு வேலை கிடைத்தால் முதலில் அவருக்கு வண்டி வாங்கிவிட வேண்டும். கல்யாண பேண்டை மட்டும் நம்பினால் ஆடி மாதம் முழுக்க உதட்டுக்கும் லீவு, வயிற்றுக்கும் லீவு.

திருப்பதியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பேண்டு சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். தாளாளர் வாசிக்கச் சொன்னார். மெதுவான பாட்டு ஒன்றை எடுத்தேன், புது ட்ரம்பெட் வெண்ணெயாய் இழைந்தது. நடுவில் அவருக்கு போன் வந்தது. கொஞ்சம் நிறுத்தச் சொல்லி, ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டினார்.

கல்யாண பேண்டுக்காரனிடம் செய்யக்கூடாத காரியம் அது. மேடையில் யாராவது அப்படி விரலை ஆட்டினால் தாலி கட்டும் நேரம் என்று அர்த்தம். எவன் தும்மினாலும் கேட்காதபடி ஊதித் தள்ள வேண்டும். மூளை யோசிப்பதற்குள் மூச்சு கிளம்பிவிட்டது. அவர் இன்னும் வேகமாக ஆட்டினார். நான் இன்னும் பலமாக ஊதினேன். அவர் எழுந்து நின்று இரண்டு கை விரல்களையும் ஆட்டினார். இரண்டு தாலி என்று உடம்பு நினைத்துக்கொண்டது போல. கண் பிதுங்க ஊதினேன். பள்ளி விட்டாயிற்று என்று பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

தாளாளர் காதைக் குடைந்துகொண்டே சொன்னார்: "உன்ன வேலைக்கு வெச்சா ஸ்கூல மூடிடணும். அடுத்த வாரம் நாராயணவனத்துல என் பொண்ணு கல்யாணம். மேளம் வேணாம், உங்க பேண்டே போதும். வந்து ஒழுங்கா ஊது, அப்புறம் வேலையப் பத்திப் பாக்கலாம்."

அந்தப் 'பாக்கலாம்' ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தோம். பள்ளிக்கூடத்து வேலைக்குத் தயாராக வேண்டாமா? கண்ணாடி முன் நின்று எனக்கு நானே விரலை ஆட்டி, உடனே நிறுத்தப் பழகினேன்.

கல்யாணத்துக்கு நைனாவும் வந்து நேராக டிபன் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தபோது ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். தாளாளர் என்னைப் பார்த்து விரலைத் தூக்கி ஆட்டினார்.

டக்கென்று நிறுத்திவிட்டேன். நான் நிறுத்தியதும் பேண்டு மொத்தமும் நின்றது. மண்டபமே அமைதியானது. யாரோ நன்றாகத் தும்மினார்கள். தாளாளரின் விரல் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. வேலை போனது எனக்குப் புரிந்துவிட்டது, அழுகையே வந்தது.

பந்தியிலிருந்து எச்சில் கையைத் தூக்கிக்கொண்டு, வாய் நிறைய வடையோடு நைனா கத்தினார்: "ஊதுறா டேய்! தொடச்சி வெக்கவா என் வண்டிய வித்தேன்!"

ஊதினேன். தாலி ஏறியது. வேலை கிடைக்கவில்லை.

இப்போது கல்யாணம் இல்லாத நாட்களில் நைனாவோடு பால் ஊற்றப் போகிறேன். மேடு வந்தால் அவர் திரும்பிப் பார்க்காமலேயே விரலைத் தூக்கி ஆட்டுவார். நான் பின்னாலிருந்து சைக்கிளைத் தள்ளுகிறேன்.