சங்கிலியைக் கழற்றியபோது அங்காளம்மன் காட்டியது

என் மகளின் கால் போய்விடுமோ என்று பயந்தே செத்துக்கொண்டிருந்தேன். அங்காளம்மனை நம்புகிற உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

செஞ்சிக் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன், எட்டு வயது தேவிகாவுக்கு முழங்காலுக்கு மேல் வீக்கம். சென்னை ஆஸ்பத்திரியில் சதைத் துண்டு எடுத்துப் பரிசோதித்தார்கள். டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார்.

“மைக்ராஸ்கோப்ல சின்னச் சின்ன உருண்டை செல்லாத் தெரியுது. குழந்தைங்களுக்கு வர்ற நாலஞ்சு கேன்சர் பார்க்க இப்படியேதான் இருக்கும். சாயம் போட்டுத்தான் பிரிப்போம். இப்போதைக்கு எலும்புக் கட்டின்னு காட்டுது. மருந்து கொடுத்துட்டு, கால்ல பெரிய ஆபரேஷன் பண்ண வேண்டி வரும்.”

பிறகு தேவிகாவின் கழுத்தில் இருந்த வீக்கத்தைத் தொட்டு, “இது எத்தனை நாளா?” என்றார்.

“பொன்னுக்கு வீங்கிங்க. நாலு நாளாத்தான்” என்றேன். பொய். திட்டுவாரே என்ற பயம். அம்மன் போட்டதற்கு மருந்து கூடாதென்று, எங்கள் வழக்கப்படி என் தங்கச் சங்கிலியை அவள் கழுத்தில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தவள் நான்.

ஆடி அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போனோம். அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூட்டத்தில் நின்றேன். ‘தாயே, நோயே இல்லையென்று சொல்ல வேண்டாம். இன்ன நோய் என்று சரியாகக் காட்டிக்கொடு.’ உண்டியலில் போடச் சங்கிலியைக் கழற்றினேன். விரலில் அந்தக் கட்டி தட்டுப்பட்டது. சங்கிலி போட்டது சித்திரையில். பொன்னுக்கு வீங்கி மூன்று மாதமா இருக்கும்? சங்கிலியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

“இன்னாடி, ஏன் அப்டியே நின்னுட்ட?” என்றார் என் வீட்டுக்காரர்.

“டாக்டராண்ட பொய் சொல்லிட்டேங்க.”

கோயில் வாசலிலிருந்தே போன் செய்தேன். டாக்டரம்மா திட்டவில்லை. “நாளைக்கே கூட்டிட்டு வாங்க” என்றார். கழுத்துக் கட்டியிலும் துண்டு எடுத்து, வேறு சாயங்கள் போட்டார்கள். ஆறு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் போட்ட சாயம் இரண்டு நோயிலும் பிடிக்குமாம். இது எலும்புக் கட்டி இல்லை, நிணநீர்ப் புற்று என்று புதுச் சாயம் பிரித்துக் காட்டியது.

“இதுக்கு மருந்துதாம்மா. கால்ல கத்தி வைக்க வேண்டாம்.”

அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

முடி கொட்டியது, மறுபடி முளைத்தது. மாத்திரை இன்னும் ஓடுகிறது. போன வாரம் பள்ளிக்கூடத்தோடு கோட்டைக்குப் போய்வந்து, அவள் அப்பாவிடம், “நைனா, கல்யாண மகால் வரைக்கும் ஓடினேன்” என்றாள்.

நீங்களும் அம்மனை நம்பிக் கேளுங்கள். அவள் காட்டுவதை டாக்டரிடம் மட்டும் மறைக்காதீர்கள். தேவிகாவின் கழுத்தில் இப்போது சங்கிலி இல்லை. தினமும் தலை வாரும்போது அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விளக்கேற்றப் போகிறேன்.