உறவினர் அல்லாதவர்கள்

நகராட்சி அறிவிப்புகளைத் தமிழில் எழுதிப் போடுவது என் வேலை அல்ல. சென்னையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் பல வருடங்கள் உட்கார்ந்திருந்தவன் நான். இங்கே அமீரகத்தில், கட்டுமானத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு விதிகளைத் தமிழாக்கிச் சம்பளம் வாங்குகிறேன். எங்கள் கட்டடத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. பார்க்கிங் நேரம் மாறியது தெரியாமல் அபராதம் கட்டிவிட்டு வந்த ஒருவர், "பேப்பர்ல இருந்தவர்தானே சார் நீங்க, இதையெல்லாம் ரெண்டு வரில தமிழ்ல போட்டா என்ன?" என்று லிஃப்டில் கேட்டார். அன்றிலிருந்து போட்டு வந்தேன்.

பழைய சோபாவை எடுத்துப்போக யாரிடம் சொல்ல வேண்டும், கரப்பான் மருந்து அடிப்பவர்கள் எந்த வாரம் வருவார்கள், பால்கனியில் துணி காயப்போட்டால் என்ன ஆகும், மழை பெய்தால் எந்தச் சுரங்கப்பாதையை மூடுவார்கள். இவைதான் என் செய்திகள். நகராட்சி தெளிவாகவே அறிவிக்கும். நானும் தெளிவாகவே எழுதுவேன். கீழே வரிசையாகக் கட்டைவிரல் படங்கள் விழும். படித்ததற்கான அடையாளம் அவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குடும்பக் குடியிருப்புப் பகுதிகளில் ஆய்வு நடக்கப்போகிறது என்ற அறிவிப்பையும் அப்படித்தான் எழுதினேன். நான்கு சிறிய பத்திகள். குடும்பங்கள் வாழும் கட்டடங்களில் ஆண்கள் கூட்டமாகத் தங்கக் கூடாது என்பது முதல் பத்தி. அடுத்தது, செயலி வழியாகப் புகார் செய்யும் முறை. மூன்றாவது, ஆய்வாளர்கள் மாலை நேரங்களில் வருவார்கள் என்பது. கடைசிப் பத்தி இது: குடும்பமாக வசிப்பவர்களும் உறவினர் அல்லாத எவருக்கும் அறையையோ படுக்கையையோ உள்வாடகைக்கு விடக் கூடாது.

குழுவின் செயலாளர் மூன்றாம் மாடியில் இருந்தார். திருச்சிக்காரர், வங்கி ஒன்றில் மேலாளர். நான் போட்டதை அவர் வேறு இரண்டு குழுக்களுக்கும் அனுப்பினார். அனுப்பும்போது கடைசிப் பத்தியை எடுத்துவிட்டார். அதில் சூது எதுவும் இல்லை. இடம் போதாவிட்டால் செய்தியைக் கீழிருந்து வெட்டு என்றுதான் எனக்கும் கற்றுக்கொடுத்தார்கள். முக்கியமானது மேலே இருக்கும் என்பது நம்பிக்கை. அவருக்கு முக்கியமானது மேலேதான் இருந்தது.

ஐந்தாம் மாடியில் ஒரு ஃபிளாட்டில் ஆண்கள் சிலர் தங்கியிருந்தார்கள். ஷார்ஜா தொழில்பேட்டையில் கார் பட்டறைகளில் வேலை. பாதிப் பேர் ராமநாதபுரத்துப் பக்கம். கட்டடத்துத் தமிழர் குழுவில் அவர்கள் இல்லை. அது குடும்பங்களுக்கான குழு. லிஃப்டின் பொத்தான்களில் கிரீஸ் ஒட்டுகிறது, வாசலில் செருப்புகள் கிடக்கின்றன, கருவாடு வறுக்கிறார்கள் என்று ஏற்கெனவே பேச்சு இருந்தது. அறிவிப்பு வந்த மறுநாள் செயலாளர் செருப்புகளைப் படம் எடுத்துச் செயலியில் புகாராக ஏற்றினார். ஏற்றிவிட்டதாகக் குழுவிலும் சொன்னார். கட்டைவிரல்கள் விழுந்தன.

அவர் வீட்டுச் சமையலறையை ஒட்டி ஒரு சின்ன அறை உண்டு. வேலைக்காரப் பெண்ணுக்கென்று இந்த ஊர்க் கட்டடங்களில் விடுகிற அறை. ஒரு கட்டில் போட்டால், மிச்ச இடத்தில் துணி துவைக்கும் இயந்திரம் நிற்கும். அங்கே நாற்பது வயதுப் பெண் ஒருவர் பல வருடங்களாக வாடகைக்கு இருந்தார். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவர். குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்காரியாக இருந்து, ஊருக்குத் திரும்பி கம்ப்யூட்டர் படித்து, மறுபடி வந்து ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் சரக்கு ஆவணங்கள் தயாரிக்கும் வேலையில் சேர்ந்தவர். வீட்டு வேலை விசாவிலிருந்து அலுவலக விசாவுக்கு வந்தது அவர் வாழ்க்கையில் அவரே செய்துகொண்ட ஒரே உயர்வு. அதைச் சொல்லும்போது மட்டும் குரலைச் சற்று நிமிர்த்துவார்.

செயலாளரின் பிள்ளைகள் அவரை அக்கா என்று கூப்பிட்டன. காலையில் சின்னவளுக்குத் தலை பின்னிவிடுவார். சனிக்கிழமைகளில் மாவு அரைப்பார். வாடகை தருகிறவர் இதையெல்லாம் ஏன் செய்ய வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. "அவங்க எங்க வீட்டு ஆள் மாதிரி சார்" என்று செயலாளர் சொல்வார்.

ஒரு வியாழக்கிழமை மாலை நகராட்சியின் ஆய்வாளர் வந்தார். இளம் பெண். கையில் டேப்லெட். புகார் கொடுத்தவரைப் பார்த்து விவரம் கேட்டுவிட்டுத்தான் மேலே போவது வழக்கம் என்றார். செயலாளர் எனக்குப் போன் செய்து, "அந்த சர்க்குலர் உங்களுக்குத்தானே சார் முழுசா தெரியும், கூட இருங்க" என்று கூப்பிட்டார். போனேன். ஆய்வாளரை நல்ல சோபாவில் உட்கார வைத்திருந்தார்கள். நன்றாக இந்தி பேசினார். செயலாளர் செருப்புகளைப் பற்றி ஆரம்பித்து, குடும்பம், பாதுகாப்பு, பெண் குழந்தைகள் என்று விரித்துக்கொண்டு போனார். ஆய்வாளர் பொறுமையாகக் குறித்துக்கொண்டார்.

செயலாளரின் மனைவி சமையலறைப் பக்கம் திரும்பி, "இங்க பாரு, நாலு டீ போடேன்" என்று குரல் கொடுத்தார்.

அங்கேதான் எல்லாம் நடந்தது. விதியை மீறி வீட்டில் வைத்திருக்கும் ஒருவரை, விதியைச் சோதிக்க வந்தவருக்கு டீ கொண்டுவரச் சொல்கிறோம் என்பது அந்த அம்மாவுக்குத் தோன்றவே இல்லை. ஒளித்து வைக்க வேண்டிய ஆளாகவும் அவரை அந்த வீட்டில் யாரும் கணக்கில் வைத்திருக்கவில்லை.

அந்தப் பெண் டியூட்டியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். நைட்டி, தோளில் துண்டு. தட்டோடு வந்து நின்றார். ஆய்வாளர் நிமிர்ந்து, இவர் யார் என்று கேட்டார்.

"மெய்ட்" என்றார் செயலாளரின் மனைவி. சிரித்துக்கொண்டே சொன்னார். யோசித்துச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. யோசிக்காமல் வந்ததுதான் மோசம்.

யாருடைய விசா என்றார் ஆய்வாளர். செயலாளர் முந்திக்கொண்டு, "பார்ட் டைம்" என்றார். அது இன்னும் கெட்டது. உள்வாடகைக்கு அபராதத்தோடு போகும். வேறொரு நிறுவனத்தின் விசாவில் இருப்பவர் வீட்டு வேலை செய்வதாகப் பதிவானால், வேலை கொடுத்தவருக்கும் தொல்லை, செய்தவருக்கு விசாவே போகும். அதையும் ஒரு முறை தமிழில் போட்டிருந்தேன். அதற்கும் கட்டைவிரல்கள் விழுந்திருந்தன.

அந்தப் பெண் தட்டை மேசையில் வைத்தார்.

"அப்படிச் சொல்லாதீங்க, மெடம். என்னோட விசா போயிரும்."

"கொஞ்சம் சும்மா இருங்க, நான் பேசிக்கிறேன்" என்றார் செயலாளர், குரலைத் தாழ்த்தி.

"நீங்க பேசினதுதான் சேர் இது."

ஆய்வாளரின் பக்கம் திரும்பி, குவைத்து வீட்டில் பழகிய அரபியில், நான் வேலைக்காரி இல்லை, அலுவலகத்தில் வேலை செய்கிறேன், இந்த அறைக்கு மாதம் மாதம் வாடகை தருகிறேன் என்றார். பிறகு அதையே தமிழிலும் சொன்னார், அந்த வீட்டில் இருப்பவர்களுக்காக. உள்ளே போய் அடையாள அட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். தட்டில் டீ கொஞ்சம் சிந்தியிருந்தது.

ஆய்வாளர் எழுந்து அந்த அறையைப் பார்த்தார். கட்டில், வாஷிங் மெஷின், அதன் மேல் ஒரு முருகன் படம், ரைஸ் குக்கர். படம் எடுத்துக்கொண்டார். கோபம் எதுவும் காட்டவில்லை. அவர் வேலையை அவர் ஒழுங்காகச் செய்தார். அன்று அந்த வீட்டில் அப்படிச் செய்தவர்கள் அதிகம் இல்லை.

செயலாளர் என்னிடம் திரும்பினார். "சார், நீங்க சொல்லுங்க. ஃபேமிலிக்கு ஒண்ணும் இல்லையே நம்ம மெசேஜ்ல."

"கடைசிப் பத்தியில இருக்கு."

அவர் தன் போனில் தேடினார். தான் அனுப்பியதைத் திறந்து பார்த்தார். அதில் இல்லை. நான் போட்டதைக் காட்டினேன். படித்தார். "இவ்ளோ நீளமா போட்டா யார் சார் படிப்பா?" என்றார்.

செயலாளருக்கு அபராதம். அறையைக் காலி செய்ய அந்தப் பெண்ணுக்குக் கெடு. அலுவலக விசாவில் இருப்பவர், வாடகைதாரர் என்று பதிவானதால் விசாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாம் மாடி ஆண்களை அவர்கள் கம்பெனி பஸ் அனுப்பி தொழிலாளர் கேம்புக்குக் கொண்டுபோனது. சுருட்டிய மெத்தையோடு ஒருவர் என்னுடன் லிஃப்டில் இறங்கினார். கம்ப்ளைன்ட் போட்டது நம்ம ஆட்கள்தானாமே என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பரவால்லண்ணே, இனிமே உங்களுக்கு லிஃப்ட் சீக்கிரம் வரும்" என்றார்.

அந்த வாரம் கட்டடத்தில் சமையலறையை ஒட்டிய அறைகள் பல காலியாயின. சத்தமில்லாமல், பெட்டிகளோடு, பின்பக்கப் படிக்கட்டு வழியாக. உறவினர் அல்லாதவர்கள் இத்தனை பேர் எங்களோடு இருந்தார்கள் என்பது அவர்கள் போகும்போதுதான் தெரிந்தது. ஆய்வாளரைக் கூப்பிட்ட செயலாளர் மேல் குழுவில் யாருக்கும் கோபம் வரவில்லை. வீட்டுப் பெண் மாதிரி வைத்திருந்தவர்களை இப்படிக் காட்டிக்கொடுத்துவிட்டாளே என்றுதான் எழுதினார்கள். சிலோன்காரர்களே அப்படித்தான் என்று ஒருவர் எழுதி, கொஞ்ச நேரத்தில் அழித்துவிட்டார். அழிப்பதற்கு முன்பே எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

அந்தப் பெண் இடம் தேட ஆரம்பித்தார். அவர் கம்பெனியின் தங்குமிடம் ஆண்களுக்கானது. தனியாக ஒரு ஃபிளாட் எடுக்கச் சம்பளம் எட்டாது. பெண்களுக்கான பெட் ஸ்பேஸ், அதாவது கட்டில் மட்டும் வாடகைக்குக் கிடைக்கும் இடம், தூரத்தில் இருந்தது. அலுவலக வேன் அந்தப் பக்கம் போகாது. எங்களிடம் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு என் மனைவி ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தார். அது சட்டப்படி சரியான பதில்.

கெடு முடிவதற்கு முன் அந்தப் பெண்ணிடமிருந்து எனக்குப் போன் வந்தது. அடுத்த தெருவில் ஒரு குடும்பம் அறை கொடுக்கச் சம்மதித்திருக்கிறது, மதுரைப் பக்கத்து ஆட்கள், நல்ல மாதிரி என்றார். ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்களாம். யாராவது வந்து கேட்டால் மெய்ட் என்று சொல்ல வேண்டும்.

"அப்படிச் சொன்னா எனக்கு என்ன ஆகும், சேர்? நீங்கதானே இதெல்லாம் எழுதுறது."

விசா போகும் என்றேன்.

"சொல்லாட்டி?"

"ரூம் போகும்."

அவர் சிரித்தார். "அப்ப அவங்க வர்ற நேரம் நான் வீட்டுல இருக்கக் கூடாது. அவ்வளவுதானே." நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அறிவிப்பில் அப்படி ஒரு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதைத் தடுக்கும் வரியும் இல்லை.

நகராட்சி அறிவிப்புகளை இப்போதும் போடுகிறேன். செயலாளர் எனக்கு ஒரு யோசனை சொன்னார்: முக்கியமானதை மட்டும் முதலில் போடுங்கள், மற்றது வேண்டாம். செருப்புகள் இல்லாத ஐந்தாம் மாடிக்கு ஒரு மலையாளிக் குடும்பம் வந்துவிட்டது. அவர்களுக்கு ஒரு 'தங்கை' இருக்கிறார், நர்ஸ்.

ஆகஸ்டில் ஒரு நாள் மாலை காய்கறி வாங்கிக்கொண்டு வந்தேன். பிரதான சாலையில் நகராட்சி புதிதாகக் கண்ணாடிச் சுவர் வைத்த, ஏசி போட்ட பஸ் நிறுத்தம் ஒன்று கட்டியிருந்தது. திறந்தபோது அதையும் எழுதியிருந்தேன். உள்ளே அந்தப் பெண் உட்கார்ந்திருந்தார். அலுவலக உடை, மடியில் பை, பக்கத்தில் சாப்பாட்டு டப்பா. ஒரு பஸ் வந்து நின்றது. ஏறவில்லை. இன்னொன்று வந்தது. அதற்கும் எழவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். டியூட்டி முடிந்ததா என்று கேட்டேன். அது எப்போதோ முடிந்துவிட்டது, தினம் இங்கேதான் என்றார். ஆய்வு நேரம் தாண்டி இருட்டிய பிறகு, அந்த மதுரை வீட்டு அம்மா போன் அடித்ததும் போவாராம். வெள்ளிக்கிழமை இங்கே கூட்டம், அன்றைக்கு மட்டும் மாலுக்குப் போவார்.

வெளியே சூடு அதிகம் என்றேன்.

"இங்க குளிரா இருக்கு, சேர். கால் நீட்டிக்கலாம்" என்றார். "மக்களுக்குன்னு நல்லாத்தான் செஞ்சு குடுத்திருக்காங்க."

அதில் கேலி இருந்ததா என்று பார்த்தேன். இல்லை. அடுத்த பஸ் வந்து, கதவைத் திறந்து, அவருக்காகச் சிறிது நேரம் நின்றது. அவர் ஓட்டுநரிடம் வேண்டாம் என்று கையசைத்தார்.