திறந்த டேங்க்கில் ஏறிய அழுத்தம்

இதில் ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை. சேர்ப்பவள் என்று குமாசி நகரின் சுவாமே கார்ப் பட்டறைகள் முழுக்க எனக்குப் பெயர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அன்று என்னோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றரை. ஊரே தேவாலயத்தில். கார் எலக்ட்ரீஷியன் ஓஃபோசு மட்டும் பட்டறையைத் திறந்து வைத்திருந்தான். உள்ளே, வாடகைக் கார் ஓட்டும் அஃப்ரியே. பூட்டிய என் சாப்பாட்டுக் கடை எதிரில்தான் இருக்கிறது. பூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.

நீங்கள் நினைப்பதுபோல ஒன்றுமில்லை. மறுநாள் காலை ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் காரைச் சோதிப்பார்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேலை வேறு ஆளுக்கு. புருஷன் விட்டுப்போன பிறகு அவளுக்கு அந்தக் காரை விட்டால் வேறு பிழைப்பில்லை. பெட்ரோல் டேங்க்கின் அழுத்தத்தைச் சொல்லும் சென்சார் கண்டபடி குதிக்கிறது என்பதுதான் கோளாறு. போன வாரமே ஓஃபோசு புதுசு மாட்டினான். புதுசு என்று அவன் சொன்னான்.

"பழசத் தொடச்சு மாட்டியிருப்ப," என்றேன்.

"வாங்கக்கா. நீங்களே பாருங்க," என்றான் சலிப்போடு.

பின்சீட்டைத் தூக்கியிருந்தான். சென்சாருக்கு மூன்று வயர்கள். ஒன்றில் ஐந்து வோல்ட் வரவேண்டும், வந்தது. ஒன்று எர்த், சரி. மூன்றாவதுதான் பதில் சொல்லும் வயர். டேங்க் மூடியைக் கழற்றிவிட்டால் உள்ளும் வெளியும் ஒரே காற்று, மீட்டரில் எண் அசையக்கூடாது என்றான். கழற்றினான்.

எண் ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது… இறங்கியது… மறுபடி.

பிறகு நின்றது.

அடியில் ஏதோ வயரை அழுத்துகிறான் என்று நினைத்தேன். கையைத் தூக்கச் சொன்னேன். இரண்டு கைகளையும் தூக்கினான்.

மூன்று ஏற்றம். ஒரு நிறுத்தம். மூன்று ஏற்றம்…

சென்சாரைப் பிடுங்கினான். எண் பூஜ்யத்துக்கு விழுந்து அங்கேயே கிடந்தது. வயரில் குறையில்லை. மாட்டினான். ஏறியது.

ஓஃபோசுவின் முகம் மாறிவிட்டது. டேங்க்குக்கு ஒட்டுப் போடுபவர்கள் இப்படித்தான் சோதிப்பார்களாம். குழாயில் வாய் வைத்து மூன்று முறை ஊதிவிட்டு, காது வைத்துக் கேட்பார்களாம்.

"உள்ள யாரோ ஊதறாங்களா?" என்றாள் அஃப்ரியே.

"உள்ளேர்ந்து இல்ல. அழுத்தம் ஏறுது. வெளியேர்ந்துதான் ஊதணும்… நீ நிக்கிற எடத்துல."

அவள் நம்பவில்லை. பெட்ரோல் ஊற்றும் குழாயின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள்.

வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"மாஸ்டர்… உதடு."

ஃபூ… ஃபூ… ஃபூ…

நிறுத்தம்.

நாங்களும் மூச்சுவிடவில்லை.

காருக்கு அடியில்… ஸ்ஸ்ஸ்…

"கசியுது," என்றான் ஓஃபோசு. மெதுவாகத்தான் சொன்னான்.

எண் நின்றது. அதன்பின் அசையவே இல்லை.

அன்றே டேங்க்கை இறக்கினான். கறுப்புப் பெயின்டுக்கு அடியில் ஓர் ஒட்டு, அதன் ஓரத்தில் கசிவு. வேறு டேங்க் மாட்டியதும் விளக்கு அணைந்தது. அஃப்ரியேவுக்கு வேலை கிடைத்தது. ஆனால் பெட்ரோல் போடும்போது இன்றுவரை அவள் காரைவிட்டு இறங்குவதில்லை.

நான் சும்மா இருப்பேனா? அந்த டேங்க் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக் கேட்டு, அடுத்த சனிக்கிழமை தாஃபோ பக்கம் ஒரு வெல்டரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அவர் போன வருஷமே இறந்துவிட்டார் என்றாள் அவர் மனைவி. ஒட்டுப் போட்டு மூன்று முறை ஊதியிருக்கிறார். பெட்ரோல் நெடி தலைக்கேறி, காது வைக்குமுன்பே விழுந்துவிட்டார். டேங்க்கைச் சோதிக்காமலே விற்றுவிட்டார்கள்.

பட்டறையில் நடந்ததை நான் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அவளே தொடர்ந்தாள்.

"தெனமும் கனவுல வந்து, கசியுதா கசியுதான்னு கேப்பாரு. போன ஞாயித்துக்கெழமைலேர்ந்து வரல. அவருக்கு யாரு பதில் சொன்னது?"