பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஆங்கிலம்

வெள்ளைக்காரனுக்குச் சொற்பஞ்சமோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது, இத்தாலியில் சீசா என்கிற பகுதியில் ஒரு சீனத் துணிக்கடையின் மேசைக்குப் பின்னால் இருந்து ‘கெட்’ என்ற சொல்லைப் படிப்பித்த நாட்களில்தான். வாங்கினாலும் கெட், கிடைத்தாலும் கெட், நனைந்தாலும் கெட், எழும்பினாலும் கெட். கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு போகிறவனைப் போல அந்தச் சொல்.

பகல் முழுக்க நகரின் நடுவே பொலிதேயாமாப் பக்கம் ஒரு வயதான இத்தாலியக்காரியை, சிஞ்ஞோராவை, தூக்கி இருத்துவதும் படுக்க வைப்பதும்தான் என் வேலை. நான் ஊரில் ஆங்கில ஆசிரியையாக இருந்தவள் என்பது எப்படியோ அந்தக் கடைக்காரியின் காதுக்கு எட்டிவிட்டது. அவளுக்கும் என் வயதுதான். பின்னேரம் வீங்கின கால்களோடு பஸ்ஸால் இறங்கிப் போனால், காலுறைக் கட்டுகளுக்கு நடுவே எனக்கென்று ஒரு கதிரை போட்டிருப்பாள். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த இத்தாலியன். அதில் ஆங்கிலம் படிப்பிப்பது ஓட்டைச் சட்டியில் கஞ்சி காய்ச்சுகிற வேலை.

முதல் நாளே ‘கெட்’டுக்கு அகராதியில் இருந்த அர்த்தங்களையெல்லாம் வாய்ப்பாடு மாதிரி ஒப்புவித்தாள். ஒரு வசனம் சொல்லு என்றால் வாய் திறக்கவில்லை. எனக்கோ கொட்டாவி.

“உனக்கு இந்தப் பாஷை என்னத்துக்கு?” என்று கேட்டுவிட்டேன்.

அவளுடைய ஒரே மகள் அயர்லாந்தில் ஓர் ஐரிஷ்காரனைக் கட்டி, வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். சீன முறைப்படி, பெற்றவள் ஒரு மாதம் வெளிக்கிடக் கூடாது, தலையில் தண்ணீர் படக் கூடாது, குளிர்ந்தது குடிக்கக் கூடாது. தாய் போய்ப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். மருமகனுக்குச் சீனம் தெரியாது. அவனோடு மல்லுக்கட்ட இவளுக்கு ஆங்கிலம் வேண்டும்.

“எங்கட ஆக்களும் இப்பிடித்தான். காதுக்குப் பஞ்சு வைச்சு, சரக்குக் கறி காய்ச்சிக் குடுப்பம்.”

“அப்ப உனக்கு விளங்கும்,” என்றாள்.

விளங்காமல் என்ன? என் மகள் கனடாவில் பிள்ளை பெற்றபோது, இங்கே தங்குவதற்கான என் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் கொடுத்த இடத்தில் கிடந்தது. போக முடியவில்லை. மிளகு, மல்லி, மஞ்சள் என்று சரக்கை அரைத்து, கனடா போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அதைக் காய்ச்சிக் குடித்தாளா என்று இன்றுவரை கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை.

அன்றோடு அகராதியை மூடி வைத்தோம். பிள்ளை பெற்ற வீட்டுக்கு வேண்டியது மட்டும் போதும். ‘டோன்ட் கெட் கோல்ட்.’ ‘டோன்ட் கெட் வெட்.’ ‘டோன்ட் கெட் அப்.’ சட்டைகளை மடித்தபடி, அதட்டுகிற குரலில் பழகினாள். பிஜாமா வாங்க வந்த ஒருத்தி பயந்து வாசலோடு திரும்பிப் போனாள். திரைக்குப் பின்னால் ஒரு பானையில் இஞ்சியும் சிவப்புப் பேரீச்சையும் போட்டு சூப் வைத்தும் பழகினாள்.

பிள்ளை முந்திப் பிறந்துவிட்டது. நாலாம் நாள், நான் கடையில் இருந்தபோதுதான் வீடியோ அழைப்பு வந்தது. மகள் ஈரத் தலையோடு, ஐஸ் மிதக்கிற தண்ணீரைக் குடித்துக்கொண்டு சிரித்தாள். மருமகன் பிள்ளையைத் தோளில் போட்டபடி, காலையில் மூன்று பேருமாக உலாத்தப் போனதாகச் சொன்னான். கடையை விட்டுவிட்டு அலைய வேண்டாம், நான் லீவு போட்டிருக்கிறேன், கோடையில் ஆறுதலாக வாருங்கள் என்றான். நல்ல பெடியன். அதுதான் கொடுமை, கோபிக்கக்கூட வழியில்லை.

கடைக்காரி என்னைப் பார்த்தாள். பழகினதைச் சொல்லு என்று நான் கண்ணைக் காட்டினேன்.

“குட்,” என்றாள். “வெரி குட்.”

போனை வைத்தாள். “வரத் தேவையில்லையாம்.”

“ஓம்,” என்று தமிழிலேயே வந்துவிட்டது எனக்கு. தேறுதல் சொல்ல எந்தப் பாஷையிலும் தெம்பு இல்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. “நான் வெளிக்கிடப் போறன்,” என்று பையை எடுத்தேன்.

தோளில் கை வைத்து அழுத்தினாள். தட்டிலிருந்து புதுக் கம்பளிக் காலுறைச் சோடி ஒன்றை எடுத்து, அட்டையைக் கிழித்தெறிந்து, குனிந்து என் வீங்கின கால்களில் மாட்டினாள். திரைக்குப் பின்னால் போய், கோப்பை நிறையச் சூடாகச் சூப் கொண்டுவந்தாள்.

“டோன்ட் கெட் அப்,” என்றாள். மகளுக்கென்று பழகிய அதே அதட்டல்.

நாள் முழுக்க இன்னொருத்தியை எழுப்பி இருத்துகிற என்னை, எழும்பாதே என்று ஒருவர் சொல்லி எத்தனை காலம். அழுகை வந்தது. சூப்பில் இஞ்சி கூடிப்போச்சு என்றேன். அவளும் ஒரு கோப்பை வார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். கண்ணைத் துடைத்துவிட்டு, ஓம், இஞ்சிதான் என்றாள்.