இலையின் அடிப்பக்கத்து எழுத்து

செய்தி வந்தபோது தென்னேரித் தோட்டத்தில் வாழையிலை அறுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் முதியோர் எழுத்தறிவு வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் கன்னியம்மாதான் போனில் சொன்னாள்: "அண்ணே, வசந்தா டீச்சர் போய்ட்டாங்க." கையிலிருந்த இலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் நின்றேன்.

பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்றவர், மாலையில் பெரிய காஞ்சிபுரத்தில் எங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். எனக்கு நோட்டைத் தொடவே பயம். "தப்பா எழுதினா அப்படியே நின்னுக்கினு இருக்குமே டீச்சர்" என்றேன். நான் கொண்டுபோயிருந்த இலையை அவர் திருப்பிப் போட்டார். அடியில் வெள்ளைப் பூச்சு. விரலால் 'அ' இழுத்தார்; பச்சையாகத் தெரிந்தது. "இதுல எழுதுங்கய்யா. தப்பாப் போனா மாடு தின்னுடும்."

பிறகு விற்கப்போகும் இலைகளிலும் எழுதினேன். கல்யாண வீடுகளில் என் ஆனா ஆவன்னா அடியில் இருக்க, மேலே சோறு விழுந்தது. ஒருநாள் சமையல்காரர் பிடித்துக்கொண்டார். "எழுத்து போட்ட எடமெல்லாம் வாடிக் கெடக்குது. இன்னாபா, இலைக்கட்டு விக்கிறியா, சிலேட்டு விக்கிறியா?"

டீச்சரிடம் சொன்னேன். அவர் சிரித்து அடங்க நேரமாயிற்று. "நீங்க அழிச்சது மெழுகு, ஐயா. உள்ள இருக்கிற தண்ணிய வெளிய விடாம காக்குறதே அதுதான்."

இலை அதைத் தன் தோலிலேயே செய்துகொள்கிறதாம். கொழுப்பு அமிலம் என்று ஒரு சங்கிலி. நொதிகள் அதில் கார்பனை இரண்டிரண்டாகச் சேர்த்து நீட்டும். நீளம் போதுமென்றதும் வேறு நொதிகள் வந்து நுனிக் கார்பனையும் அதிலுள்ள ஆக்சிஜனையும் கழித்துவிடும். மிஞ்சுவது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே. தண்ணீர் அதில் ஒட்டாது. "தறிப் பாவுல நூலுக்கு நூல் பிணைக்கிற மாதிரிதான். ஆனா சத்தமே இருக்காது" என்றார். அன்று தோட்டத்தில் நடந்தபோது, ஒவ்வொரு இலைக்குள்ளும் யாரோ உட்கார்ந்து நூல் பிணைப்பதுபோல் இருந்தது. மெதுவாகக் கால் வைத்தேன்.

"இத நோட்டுல எழுதிக் காட்டுங்க. நான் படிக்கணும்" என்றார். இலையில் ஓடிய விரல் காகிதத்தில் ஓடவில்லை. அவர் படுக்கையில் விழுந்த பிறகுதான் தொடங்கினேன். பாதி எழுதுவதற்குள் போய்விட்டார். மீதியை நேற்று முடித்தேன். அவர் படிக்கவேண்டியதை இப்போது நீங்கள் படிக்கிறீர்கள்.

வகுப்பில் நான் ஒரு வரி படித்து நிறுத்தினால் "அப்புறம்?" என்பார். என்னிடம் இருப்பது அந்தக் குரல்தான். எழுதி நிறுத்தும்போதெல்லாம் கேட்கிறது. அதனால் இன்னும் ஒரு வரி: டீச்சர், இன்று விடியற்காலையில் மழை பெய்தது. இலைகள் நனையவில்லை.