டிராஃப்டில் இருந்த ‘பார்த்தேன்’

யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போகிற ஆள் நான். நம்பினால் நம்புங்கள், இது எனக்கே நடந்தது, அதுவும் நன்றாக விடிந்த பிறகு, ஆபீஸ் கம்ப்யூட்டரில்.

கம்பத்தில் ஓர் ஏலக்காய் எஸ்டேட் ஆபீசில் எனக்கு வேலை. எஸ்டேட் மலைக்கு மேலே, கேரளாவில்; மெட்டு ரோடு என்கிற மலைப்பாதையில் ஏறிப் போக வேண்டும். அங்கே மேனேஜர் ரபீக் அண்ணன். இரண்டு இடத்துக்கும் சேர்த்து ஒரே மெயில் ஐடி. “நமக்கு நாமே எதுக்குய்யா மெயில் அனுப்பிக்கிட்டு?” என்று முதலாளி கேட்ட நாளிலிருந்து நாங்கள் எதையும் அனுப்புவதில்லை, எழுதி டிராஃப்டில் போட்டுவிடுவோம். படித்தவர் அதற்குக் கீழே ‘பார்த்தேன்’ என்று பெயரோடு அடிக்க வேண்டும். சிரிக்காதீர்கள், வேலை ஒழுங்காகத்தான் நடந்தது.

ஆனி மாத மழையில் ஒரு காலை. காய் பறிக்கும் பெண்கள் ஜீப்பில் ஏறிவிட்டார்கள், என் மனைவி செல்வியும்தான். நான் வழக்கம்போல டிராஃப்டைத் திறந்தேன். ‘மெட்டு ரோட்டில் பாறை விழுந்துவிட்டது. ஜீப்பை அனுப்ப வேண்டாம்.’ அவ்வளவுதான், ஓடிப்போய் வண்டியை மறித்தேன்.

செல்விக்குக் கோபம் வந்துவிட்டது. “மேல இருந்து வந்த பால் வண்டிக்காரரு ரோடு நல்லாருக்குன்னு இப்பத்தான் சொல்லிட்டுப் போறாரு, நீங்க மெயிலப் பாத்துட்டு நிப்பாட்டுறீகளாக்கும்?”

டிரைவரும் முணுமுணுத்தார். நான் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் போன் மேல் போன். பாறை இப்போதுதான் சரிந்ததாம், நல்லவேளையாக ரோட்டில் யாரும் இல்லையாம். கிளம்பியிருந்தால் எங்கள் ஜீப் அந்த வளைவில்தான் இருந்திருக்கும். செல்வி இறங்கி வந்து, அத்தனை பேர் முன்னால், என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மத்தியானம்தான் ரபீக் அண்ணன் லைனில் கிடைத்தார். நன்றி சொன்னேன்.

“நான் எங்க தம்பி எழுதுனேன்? நேத்து சாயங்காலமே இங்கன கரண்ட் போச்சு, நெட்டும் இல்ல. பாறை விழுந்ததே நீ சொல்லித்தான் தெரியுது.”

பாஸ்வேர்டு எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். யார் எழுதினால் என்ன, எல்லோரும் பிழைத்தார்களே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, காலையில் ஓடிய அவசரத்தில் விட்டுப்போன ‘பார்த்தேன்’ஐ அடிக்க அதை மறுபடி திறந்தேன். கீழே ஏற்கெனவே இருந்தது: ‘பார்த்தேன் – முருகேசன்’. என் பெயர்தான். கடைசியாகச் சேமித்தது முந்தின நாள் ராத்திரி என்று காட்டியது. அப்போது நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன், ஆபீஸ் சாவி என் தலைமாட்டில் இருந்தது.

செல்வி இன்றும் அதே ஜீப்பில்தான் போகிறாள். நானும் தினமும் டிராஃப்டைத் திறக்கிறேன். ஆனால் செய்தியைப் படிப்பதற்கு முன்னால் கண் கீழேதான் போகிறது, என் பெயர் எனக்கு முன்னாலேயே வந்துவிட்டதா என்று.