பதில் சொல்லாமல் ஷிப்ட் மாறினேன்

1976-ஆம் வருஷம், கோடைகாலம். நெய்வேலியில் எங்கள் பிளாக்கை ஒட்டிய மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுது இருட்டத் தொடங்கியதும் திரை கட்டிப் படம் போட்டார்கள். இளம் விதவை ஒருத்தியின் கதை. ஊரே எதிர்த்து நிற்க, ஒருவன் அவளைக் கைப்பிடிக்கிறான். அவள் வெள்ளைச் சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றபோது மைதானம் முழுக்கக் கைதட்டியது. நானும் தட்டினேன். அதற்கு முன்பே துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதும் விட்டிருந்தேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவன் நான். இருட்டில் அழுவதற்கு மட்டும் அந்தக் கூச்சம் குறுக்கே வரவில்லை.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், சுரங்கத்தில் என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்த நண்பர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எலெக்ட்ரீஷியன். என்னைவிட நாலைந்து வயது இளையவர், கல்யாணமாகாதவர். நான் அழுததைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர் போலத் திரும்பிக்கொண்டார். அந்த அழுகையை அவர் என்னவென்று எடுத்துக்கொண்டார் என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது.

அதைச் சொல்வதற்கு முன் என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு நிலம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்டவர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆளாக மண் வாரி, பிறகு பெர்மனென்ட் ஆகி, கன்வேயர் பெல்ட் ஓரத்தில் வேலை கிடைத்தது. குவாட்டர்ஸும் கிடைத்தது. தங்கை என்னைப் போல இல்லை, பத்தாவது வரை படித்தாள். சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் ராணுவத்தில் இருந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தோம். ஒன்றரை வருஷத்தில் அவர் லீவில் வந்தது இரண்டே முறை. எழுபத்தொன்றாம் வருஷப் போரில் இறந்துபோனார். முதலில் தந்தி வந்தது, பிறகு ஒரு டிரங்குப் பெட்டி வந்தது. உடம்பு வரவில்லை. தங்கைக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நான் போய் அவளை எங்கள் குவாட்டர்ஸுக்கே அழைத்து வந்தேன்.

அவள் வந்த பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு மரியாதை வந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆகஸ்ட் பதினைந்து அன்று எங்கள் பிளாக்கில் கொடி ஏற்றும்போது அவளை முன்வரிசை நாற்காலியில் உட்கார வைப்பார்கள். அதுவரை என்னை ஏறிட்டும் பார்க்காதவர்கள் அன்றைக்கு என் கையைப் பிடித்துப் பேசினார்கள். ஒரு வருஷம் அவள், "நான் வரலைண்ணா. எல்லாரும் என்னையே பாத்துக்கினு இருக்காங்க. மூஞ்சிய எப்படி வெச்சிக்கிறதுன்னே தெரியல" என்றாள். "வராம போனா தப்பா நெனைப்பாங்க" என்று சொல்லி அழைத்துக்கொண்டு போனேன்.

அவளுக்கு இருந்த ஒரே சந்தோஷம் கதைப் புத்தகம். என் நண்பரும் புத்தகப் பைத்தியம். நூலகத்தில் எடுத்துப் படித்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க நாள் இருந்தால் என்னிடம் தருவார். நான் சாப்பாட்டுத் தூக்கோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோவேன். தங்கை படித்துவிட்டு ஏதாவது சொல்வாள். அதை நான் பெல்ட் ஓரத்தில் அவரிடம் ஒப்பிப்பேன்.

"முடிவு பிடிக்கலையாம்."

"ஏனாம்?"

"அதக் கேக்கலியே."

"என்ன அண்ணாச்சி, முக்கியமானதை விட்டுட்டு வந்து நிக்கீங்க. கேட்டுட்டு வாங்க."

மறுநாள் நான் பதிலோடு போவேன். "அந்தப் பொண்ணு அவ்ளோ நாயம் பேசிட்டு, கடைசியில அவன் கால்ல போயி வுழுறது பிடிக்கலையாம்."

அவர் டெஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பார். "சரியாத்தான் சொல்லுதாங்க. ஆனா எழுதுனவர் வேற என்ன செய்ய முடியும்னு கேளுங்க."

அந்தப் புத்தகங்களில் ஒரு பக்கம்கூடப் படிக்காத நான், இரண்டு பேருக்கும் நடுவில் மூன்று வருஷம் இப்படித் தபால்காரனாக நடந்தேன். பொங்கல், தீபாவளிக்கு அவர் எங்கள் வீட்டில் சாப்பிடுவார். என் மனைவியை மதினி என்பார். என் தங்கையை மட்டும் எந்த முறை வைத்தும் அழைத்ததில்லை. என்னிடம் பேசும்போது 'படிக்கிறவங்க' என்பார். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

படம் பார்க்கத் தங்கையை நாங்கள் கூட்டிவரவில்லை. புருஷனை இழந்தவள் மைதானத்தில் உட்கார்ந்து படம் பார்த்தால் பேசுவார்கள் என்று, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள விட்டுவிட்டு வந்திருந்தோம். திரும்பி நடக்கும்போது என் மனைவி ஆரம்பித்தாள். அவள் முத்தாண்டிக்குப்பத்துக்காரி. மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள்.

"துண்டு நனைஞ்சிபோச்சா? எவளோ ஒருத்திக்கு அழுவுறீங்களே, நம்ப வூட்டுல ஒருத்தி உக்காந்துக்கினு இருக்கா."

"பேசாம வா. பின்னால ஆளுங்க வர்றாங்க."

"வரட்டுமே. எங்க சின்னத்தை அறுத்துக்கட்டிக்கினு மூணு புள்ள பெத்து நல்லாத்தான இருக்குது? குவாட்டர்ஸுக்கு வந்துட்டா மட்டும் அது ஆவாதோ?"

அவள் சொன்னது உண்மை. புருஷன் செத்தவளுக்கு மறுபடி தாலி கட்டி வைப்பது எங்கள் ஜனத்தில் பழைய வழக்கம். அறுத்துக்கட்டுவது என்போம். யாரும் அதைப் பெரிய சீர்திருத்தம் என்று மேடை போட்டுப் பேசியதில்லை. நாலு பேர் கூடி, சோறு போட்டு, முடித்துவிடுவார்கள். ஆனால் நகரியத்தில் எங்களைச் சுற்றி இருந்த வீடுகளில் அந்த வழக்கம் இல்லை. எல்லா ஜில்லாவில் இருந்தும் வந்தவர்கள், சம்பளக்காரர்கள், படித்தவர்கள். அவர்களைப் பார்த்து நாங்களும் ஜன்னலுக்குத் திரை போட்டோம், குழந்தைகளை 'வாடா, போடா' என்று கத்தாமல் பேசப் பழகினோம். எங்கள் வழக்கத்தையும் வெளியே தெரியாமல் மடித்து வைத்துவிட்டோம். மேலான ஆட்களாக ஆவதென்றால் அப்படித்தான் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஷிப்ட். கேன்டீனில் நண்பர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். டீ ஆறும்வரை டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கிடக் கூடாது."

"கேளுங்க."

"நேத்து நீங்க அழுததைப் பாத்த பெறகுதான் கேக்கதுக்குத் தைரியம் வந்துச்சு. படிக்கிறவங்கள எனக்குக் கட்டித் தருவீங்களா?"

நான் என் டம்ளரை எடுத்து ஆறிப்போன டீயைக் குடித்தேன்.

"எங்க வீட்ல சாதி, அது இதுன்னு எதுக்கத்தான் செய்வாங்க. அதை நான் பாத்துக்கிடுதேன். நீங்க அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க. அவங்க வேண்டாம்னா அதோட விட்டுருவேன். நம்ம பழக்கம் இப்படியே இருக்கும்."

"பாக்கலாம்" என்று ஏதோ முனகிவிட்டு எழுந்து போனேன்.

அன்றைக்கெல்லாம் அவரிடம் ஒரு குறை கண்டுபிடிக்க முயன்றேன். குடி இல்லை, சீட்டு இல்லை, ஒருவரைத் தூக்கியெறிந்து பேசியதில்லை. வேறு சாதி என்ற பயம் இருந்தது. பிளாக்கில் என்ன பேசுவார்கள் என்ற பயமும் இருந்தது. ஆனால் இரண்டையும் விட ஆழத்தில் கிடந்தது வேறு. நாட்டுக்காக உயிர் விட்டவரின் மனைவி வேறொருவருக்கு மனைவியாகிவிட்டால், அந்த முன்வரிசை நாற்காலி போய்விடும். அதோடு எனக்கு வந்த மரியாதையும் போய்விடும். இதை அப்போது என்னிடமே நான் இப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. இப்போதுதான் சொல்ல முடிகிறது.

தங்கையிடம் நான் கேட்கவில்லை. நண்பரிடம் முடியாது என்று சொல்லவும் எனக்கு முகம் இல்லை. அதனால் ஒரு காரியம் செய்தேன். ஃபோர்மேனிடம் போய், வீட்டில் உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி, வேறு செட்டுக்கு மாற்றிக்கொண்டேன்.

சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்கு இது புரியும். ஷிப்ட் வாராவாரம் மாறினாலும் ஒரு செட் ஆட்கள் எல்லாரும் சேர்ந்தேதான் மாறுவார்கள். இரண்டு செட்டுக்காரர்கள் வேலையில் ஒன்றாக நிற்கவே முடியாது. இவர்கள் வெளியே வரும்போது அவர்கள் உள்ளே போவார்கள். ஒருவர் முகத்தில் விழிக்காமல் வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் வேலை பார்க்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. சண்டை போட வேண்டாம், கோபித்துக்கொள்ளவும் வேண்டாம்.

நான் வேலைக்கு வந்து இறங்கும் பஸ்ஸில்தான் சில வாரங்களில் அவர் வேலை முடிந்து வீடு திரும்ப ஏறுவார். முன்படிக்கட்டுப் பக்கம் நின்று, இறங்குகிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். நான் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பின்படிக்கட்டு வழியாக இறங்கிக் கும்பலோடு போய்விடுவேன். ஒருநாள் என்னைப் பார்த்துவிட்டார். கையைத் தூக்கினார். நான் நேரமாகிவிட்டவன் போல வேகமாக நடந்தேன். இரண்டு மாதம் போல அப்படி நின்றார். பிறகு நிற்கவில்லை. பதில் தெரியாமல் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவும் இல்லை. அவ்வளவு கண்ணியமான மனுஷர்.

ஒருநாள் தங்கை கேட்டாள். "ஏண்ணா, கொஞ்ச நாளா புத்தகமே வரலியே?"

"அவரு வேற ஷிப்டுக்கு மாத்திக்கினு போயிட்டாரு."

"சொல்லிட்டுப் போனாரா?"

"இல்ல."

கடைசியாக வந்த புத்தகம் அவளிடம் இருந்தது. அதைத் தாள் சுற்றிக் கொடுத்தாள். நான் நூலகத்தில் போட்டுவிட்டு வந்தேன். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த வருஷம் ஒரு குழந்தைகள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள், தானே நூலகத்தில் உறுப்பினர் ஆனாள். அவரும் ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்து வந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

1984-ஆம் வருஷம், ஜூன் மாதம். நான் மத்தியான ஷிப்டுக்குக் கிளம்பச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பள்ளி விட்டு வந்த தங்கை எதிரே உட்கார்ந்தாள். மனைவி வெளியே போயிருந்தாள்.

"உன் சிநேகிதர் இன்னிக்கு வந்திருந்தாரு. புள்ளயச் சேக்க."

எனக்குக் கை சோற்றில் நின்றுவிட்டது.

"அன்னிக்கு உங்க அண்ணன்கிட்ட கேட்டது உங்களுக்குச் சங்கடமா இருந்திருந்தா மன்னிச்சிருங்கன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"சங்கடம்லாம் ஒண்ணுமில்லிங்கன்னு சொன்னேன். என்ன கேட்டாருன்னே தெரியாமத்தான் சொன்னேன். சொல்லி முடிச்சப்புறந்தான் எனக்கே வெளங்கிச்சி."

அந்த இடத்திலும் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் தலையைத் தூக்கவில்லை.

"எட்டு வருஷமா அவரு, நான்தான் வேணாம்னுட்டேன்னு நெனச்சிக்கினு இருக்காரு. நான், அவரு சொல்லிக்காமப் போயிட்டாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"பிளாக்குல நாலு பேரு..." என்று ஆரம்பித்தேன்.

"நீ வேணாம்னு சொல்லியிருந்தா உன்கூட சண்ட போட்டிருப்பேண்ணா. தோத்திருந்தாக்கூடப் பரவால்ல. இப்படி ஒண்ணு வந்துச்சின்னே எனக்குத் தெரியலியே." அவள் குரல் உயரவில்லை. மோர்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். "சாப்புடு. பஸ்ஸுக்கு நேரமாவுது."

அந்த ஆகஸ்ட்டில் அவள் கொடியேற்றத்துக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. வீட்டில் எல்லாம் பழையபடிதான் நடந்தது. என் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள், என் மனைவியோடு சிரித்துப் பேசினாள், எனக்குச் சோறும் போட்டாள். ஆனால் என்னிடம் எதையும் கேட்பதில்லை. எங்காவது போவதாக இருந்தால், "போய்ட்டு வர்றேன்" என்று சொல்வாள், "போவட்டுமாண்ணா" என்று கேட்பது நின்றுபோனது.

போன வருஷம்தான் எனக்குத் துணிவு வந்தது. அவள் உட்கார்ந்து பிள்ளைகளின் சிலேட்டுப் பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அப்பவே உன்னக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?" என்றேன்.

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. "அது அப்பக் கேக்க வேண்டியது" என்றாள். அடுத்த பலகையைக் கையில் எடுத்தாள்.

ஒருவேளை அவள் வேண்டாம் என்றே சொல்லியிருக்கலாம். என்னைச் சமாதானம் செய்துகொள்ள எத்தனையோ முறை அப்படி நினைத்துப் பார்த்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. யார் மனதும் நோகப் பேசாதவன் என்று என்னைத் தெரிந்தவர்கள் சொல்லும்போதெல்லாம், என் தங்கைக்கு வந்த ஒரு கேள்வியை அவளிடம் சேர்க்காமல் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் நான் வாழ்க்கையில் ஒருவருக்குச் செய்த மிகப் பெரிய கெடுதல் என்று எனக்குள் சொல்லிக்கொள்கிறேன்.